மும்பையிலிருந்து கப்பல் பயணம்: அப்பா அம்மாவுக்கு எந்த கேபின், என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

செம்பூர்வாசி
எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் அப்பா அம்மாவைக் கப்பலில் அழைத்துப் போகலாம் என்று நானும் தங்கையும் முடிவு செய்திருக்கிறோம். மும்பையில் ஏறி, லட்சத்தீவு பார்த்துவிட்டு, மும்பையிலேயே இறங்கும் பயணம். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கு 69, முழங்கால் வலி, படி ஏறினால் இரண்டு நாள் படுத்துவிடுவார். அதோடு மகாபலேஷ்வர் மலைப்பாதையில் பஸ் வளைந்தாலே வாந்தி எடுக்கிறவர். ஏஜென்ட் பால்கனி கேபின்தான் பெரியவர்களுக்கு நல்லது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், விலையோ ஏகத்துக்கு வித்தியாசம். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் நீச்சல்குளத்தையும் பஃபேயையும் சுற்றிச் சுற்றிக் காட்டுகின்றன, பாத்ரூம் எப்படி இருக்கும் என்று ஒருத்தரும் காட்டவில்லை. போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். அம்மா இதுவரை கடலை மரீன் டிரைவ் சுவரில் உட்கார்ந்து பார்த்ததுதான், இந்தப் பயணம் அவருக்கு நல்லபடியாக அமைய வேண்டும் என்று ஆசை.

முலுண்ட்_மாலுமி
தம்பி, பயணிகள் கப்பலில் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பால்கனியா ஜன்னலா என்பதை அப்புறம் பார்க்கலாம். கேபின் கப்பலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. குழந்தைகள் விளையாடும் சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் தெரியாது, முனையில் இருப்பவன்தான் மேலும் கீழும் போவான். கப்பலும் அப்படியே. முன்பக்கமும் பின்பக்கமும் அலைக்கு ஏறி இறங்கும், நடுப்பகுதி அவ்வளவாக அசையாது. உயரம் போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். ஆகவே அம்மாவுக்கு நடுவில், கீழ்த்தளங்களில் ஒன்றில் கேபின் கேளுங்கள். பால்கனி கேபின்கள் பெரும்பாலும் மேல்தளங்களில்தான் இருக்கும். ஏஜென்ட் சொல்வதில் அது ஒரு சிக்கல்.

பணம் கட்டுவதற்கு முன்னால் எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும் டெக் பிளானை வாங்கி, உங்கள் கேபினுக்கு மேலே என்ன, கீழே என்ன என்று கட்டாயம் பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே படுத்தால் விடிகாலையில் சாய்வு நாற்காலிகளைத் தரையில் இழுத்துப் போடும் சத்தத்தில்தான் எழுந்திருக்க வேண்டும். பாட்டுக் கச்சேரி நடக்கும் அரங்குக்கு மேலே கிடைத்தால் நடுராத்திரி வரை தூக்கம் போச்சு. சமையலறைக்குப் பக்கமும் வேண்டாம். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் தளம்தான் அமைதியானது. அம்மா முழங்காலுக்கு லிஃப்ட் அருகில் வேண்டும், ஆனால் லிஃப்ட் வாசலை ஒட்டியே வேண்டாம், பேச்சுச் சத்தம் ஓயாது. நாலைந்து கதவு தள்ளி இருந்தால் சரி.

கப்பலின் அளவையும் பாருங்கள். மும்பையிலிருந்து கிளம்பும் கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல் 1990-இல் கட்டியது, சுமார் 48,500 டன். ஐகான் ஆஃப் தி சீஸ் போன்ற இன்றைய ராட்சதக் கப்பல்கள் கிட்டத்தட்ட 2.5 லட்சம் டன். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க அடியில் ஸ்டெபிலைசர் துடுப்புகள் இருந்தாலும், சிறிய கப்பலில் கடலின் அசைவு கூடத்தான் தெரியும். ஆனால் நீங்கள் போவது ஜனவரி. அரபிக்கடல் முரண்டு பிடிப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது. அந்த மாதங்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் உல்லாசப் பயணம் வைப்பதில்லை. ஆகவே அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம்.

மாட்டுங்கா_மாமி
பாத்ரூம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் வயதானவர்களுக்கு அதுதான் பாதிப் பயணம். நான் போன இரண்டு கப்பலிலும் சாதாரண கேபின் பாத்ரூம் நம் ரயில் ஏசி கோச்சின் கழிவறையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். வாசலில் உயரமான ஒரு நிலைப்படி இருக்கும், தண்ணீர் வெளியே வராமல் தடுக்க. காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இதில் இடறுவார்கள். நான் செய்தது: அந்த நிலைப்படி விளிம்பில் பளிச்சென்ற வெள்ளை டேப் ஒட்டி, இறங்கும்போது உரித்துவிட்டேன். பாத்ரூம் விளக்கைப் போட்டுக் கதவை லேசாகத் திறந்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் சின்ன நைட் லேம்ப் எடுத்துப் போங்கள். ஜன்னல் இல்லாத உள் கேபினில் விளக்கை அணைத்தால் கை நீட்டினால் கை தெரியாது.

அடுத்தது யாரும் வெளியில் கேட்கக் கூச்சப்படும் விஷயம். பல கப்பல்களில் ஹெல்த் ஃபாசெட் (கழுவிக்கொள்ளும் கைக்குழாய்) கிடையாது, டிஷ்யூதான். பக்கெட்டும் இருக்காது. சரி, ஒரு மக் எடுத்துப் போனால் போதுமே என்று தோன்றும். ஆனால் தரையில் தண்ணீர் போகும் வழி பெரும்பாலும் ஷவர் பக்கத்தில்தான். கழிவறைப் பக்கம் மக்கால் தாராளமாக ஊற்றினால் தண்ணீர் தேங்கி நின்று வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதைவிட ஆபத்து வேறு இல்லை. பிதுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் வளைந்த மூக்கு பாட்டில் ஆன்லைனில் கிடைக்கிறது. ஆளுக்கு ஒன்று வாங்கி வீட்டிலேயே ஒரு வாரம் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். ஃப்ளஷ் காற்றழுத்தத்தில் இழுக்கும், பெரிய சத்தம் வரும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், திடுக்கிட்டு விழக்கூடாது.

உட்கார்ந்து குளிக்க ஷவர் நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் பதில் வாயாலேயே முடிந்துவிடும், மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சக்கர நாற்காலிக்கும் இதே கதைதான், நீங்கள் கேட்டால்தான் வரும்.

டோம்பிவிலி_கடற்காற்று
மாலுமி அண்ணா சொன்ன கேபின் இடம் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பால்கனியை அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள். என் மாமனார் கூட்டம் என்றாலே ஒதுங்குகிறவர். டெக்கில் பாட்டு, டான்ஸ், அறிவிப்பு என்று ஒரே இரைச்சல். அவர் நாள் முழுக்கப் பால்கனியில் உட்கார்ந்து, பேப்பர் படித்து, டால்பின் பார்த்து, அத்தனை சந்தோஷமாக இருந்தார். கேபினை விட்டு வெளியே வராதவர்களுக்கு அந்த நாலடி இடம்தான் கப்பலே. தலைசுற்றும்போது அடிவானத்தைப் பார்த்தால் குறையும் என்பார்களே, அதற்கும் பால்கனி உதவியது.

முலுண்ட்_மாலுமி
@டோம்பிவிலி உங்கள் மாமனாருக்கு அது பொருந்தியது, சரிதான். செம்பூர்வாசி அம்மாவுக்கு மலைப்பாதையே ஆகாது என்கிறார், அவருக்கு மேல்தளம் சரிவராது. நடுவழி ஒன்று இருக்கிறது: கீழ்த்தளத்தில், நடுவில், ஜன்னல் உள்ள ஓஷன் வியூ கேபின். ஜன்னல் திறக்காது, ஆனால் வெளிச்சமும் அடிவானமும் கிடைக்கும், விலையும் பால்கனியைவிடக் கம்மி. ஒன்று கவனியுங்கள், உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் சில ஜன்னல்களைப் படகே மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த கேபின்களைச் சற்று மலிவாக விற்பார்கள். உள் கேபின் மட்டும் பெரியவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து, பகலா ராத்திரியா தெரியாமல் குழம்புகிறார்கள்.

செம்பூர்வாசி
மாமி, அண்ணா, ரொம்ப நன்றி. டேப் ஒட்டுவது என் தலையில் தோன்றவே தோன்றாது. ஓஷன் வியூ கேட்டுப் பார்க்கிறேன். வாந்தி மாத்திரை எது, எப்போது கொடுக்க வேண்டும்? அப்பாவின் இன்சுலினை கேபின் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

சயான்_பார்மசிஸ்ட்
மருந்துக்கடையில் நாங்கள் தினமும் பார்க்கும் கேள்வி இது. வாந்தி ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டால் அது வயிற்றில் நின்றால்தானே வேலை செய்யும்? புறப்படுவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். நம் ஊரில் அவோமின் என்ற பெயரில் கிடைப்பது புரோமெத்தசின் வகை, நல்ல பலன் தரும், ஆனால் தூக்கத்தை இழுக்கும், வாய் உலரும். வயதானவர்களுக்கு அந்தத் தூக்கக் கலக்கமே விழுந்து அடிபடக் காரணமாகலாம். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் போகச் சிரமப்படுகிறவர்கள் இந்த வகை மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அம்மாவின் மற்ற மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு குடும்ப டாக்டரிடம் காட்டி, எது, எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் கொடுத்துப் பார்த்தால் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும். சுக்கு, இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும், சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்சுலினுக்கு கேபின் ஃபிரிட்ஜை நம்பாதீர்கள். அது பானங்களைக் குளிராக வைக்கும் மினிபார், பல கப்பல்களில் மருந்துக்கு வேண்டிய 2 முதல் 8 டிகிரி அதில் நிலையாக நிற்காது. மருந்துக்கென்று ஃபிரிட்ஜ் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே அறையிலேயே சில வாரம் வைக்கலாம், எத்தனை நாள் என்பது பிராண்டுக்கு பிராண்டு மாறும், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். கேபின் ஏசியில் அது போதும். கூடுதலாக எடுத்துப்போகும் பேனாக்களுக்குத்தான் ஃபிரிட்ஜ் தேவை. எல்லாவற்றையும்விட முக்கியம், மருந்து எதையும் பெரிய பெட்டியில் போடாதீர்கள்.

மாட்டுங்கா_மாமி
அதே அதே. துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை டேக் போட்டு வாங்கிக்கொள்வார்கள், அது கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை கையில் இருப்பதுதான் உங்களுடையது. ஆகவே தோள்பையில் மருந்து, மருந்துச்சீட்டு, அடையாள அட்டை, கண்ணாடி, சார்ஜர், மாற்று உடுப்பு ஒன்று, ஒரு சால்வை. சால்வையை மறக்காதீர்கள், சாப்பாட்டுக் கூடத்து ஏசி நம்மவர்களுக்குத் தாங்காது. கடைசி ராத்திரியும் இதே மாதிரி பெட்டியைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலையில் உடுத்துவதற்கு எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மூடுங்கள்.

சாப்பாடு: இங்கிருந்து போகும் பயணங்களில் சைவம், ஜெயின் சாப்பாடு எல்லாம் உண்டு, பட்டினி கிடக்க வேண்டாம். ஆனால் மூன்றாம் நாள் நம் நாக்கு ரசம் சாதம் கேட்கும். வீட்டில் சமைத்ததை ஏற்றவிட மாட்டார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் சீல் செய்த பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய்ப் பாக்கெட் கிடைக்குமே, அந்த மாதிரி கம்பெனி பாக்கிங் பொதுவாக விடுவார்கள், ஆனாலும் உங்கள் கப்பலின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கிங்ஸ்சர்க்கிள்_டிகாக்‌ஷன்
மாமி, காபிக்கு என்ன செய்தீர்கள்? என் கவலை முழுக்க அதுதான். கெட்டில் எடுத்துப் போகலாமா?

முலுண்ட்_மாலுமி
கெட்டில், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் காய்ச்சும் காயில், இண்டக்‌ஷன் அடுப்பு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் கூடாது, ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். கடலில் தீயைவிடப் பெரிய எதிரி கிடையாது, ஊழியர்கள் எல்லோருக்கும் முதலில் கற்றுக்கொடுப்பதே அதை அணைக்கத்தான். அதனால் இதில் கோபித்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்டென்ஷன் போர்டும், மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் உள்ளது என்றால் கூடாது. கப்பலின் மின் இணைப்பு வீட்டு இணைப்பு போல எர்த் ஆகியிருக்காது, அந்தக் கருவி அங்கே சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. போன் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை, அதன்மேல் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும், எங்கும் ஓடும். பிளக் மட்டும் ஐரோப்பா, அமெரிக்கா மாதிரியாக இருக்கலாம், ஒரு யுனிவர்சல் அடாப்டர் போதும்.

இன்னொன்று, கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத்தகடு. காந்தக் கொக்கி நாலு எடுத்துப் போனால் தொப்பி, பை, ஈரத்துண்டு எல்லாம் மாட்டலாம். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் கிடைக்கும்.

மாட்டுங்கா_மாமி
@டிகாக்‌ஷன் பஃபேயில் ராப்பகலாக வெந்நீர் கிடைத்தது. சீல் பிரிக்காத காபிப்பொடி, சின்ன பித்தளை ஃபில்டர், நல்ல ஃபிளாஸ்க் மூன்றும் எடுத்துப் போனேன். முதலில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு, மறுபடி பிடித்து உடனே கேபினுக்கு வந்து ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் நம் வீட்டுக் கொதி கொதிக்காது, அதனால் பொடியை ஒரு கரண்டி கூடப் போட்டு, அழுத்தாமல் விட்டு, ராத்திரியே இறக்கி வைத்தேன். காலையில் பஃபே பாலைச் சூடாக வாங்கிக் கலந்தால் காபி காபியாகவே இருந்தது. இன்ஸ்டன்ட் டிகாக்‌ஷன் பாக்கெட்டும் வருகிறது, அவசரத்துக்குப் பரவாயில்லை.

நவிமும்பை_ரவா
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நாங்கள் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, ஃபூகெட் போய்த் திரும்பும் பயணம் பார்க்கிறோம். விசா எப்படி?

டோம்பிவிலி_கடற்காற்று
சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு, கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஐரோப்பாவில் நடுவே துருக்கியைத் தொட்டுவரும் பயணங்களிலும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இதே கணக்குதான். குடும்பத்தில் கர்ப்பிணி இருந்தால், 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை, ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தையையும் அப்படியே.

எங்கள் தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு. 1926-இல் கட்டிய கப்பல் அது. நீங்கள் பினாங்கில் இறங்கும்போது அந்தத் துறைமுகத்தை நன்றாகப் பாருங்கள், நம் ஜனங்கள் எத்தனை பேர் மூட்டையோடு இறங்கிய இடம்.

செம்பூர்வாசி
ஏஜென்ட் இன்று விலைப்பட்டியல் அனுப்பினார். முதலில் சொன்ன தொகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் தனி என்கிறார். இது வழக்கம்தானா? அப்புறம் போன் வேலை செய்யுமா? தங்கை தினமும் பேச வேண்டும் என்கிறாள்.

டோம்பிவிலி_கடற்காற்று
வழக்கம்தான். எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் இரண்டு ஏஜென்டை ஒப்பிட முடியும். கப்பலில் காசு புழங்காது, கேபின் கார்டில் கணக்கு ஏறும், கடைசியில் பில் வரும். அப்பா அம்மா கார்டில் வாங்குவதற்கு வரம்பு போட முடியுமா என்று வரவேற்பில் கேளுங்கள். தினமும் ஒருமுறை கணக்கைப் பார்த்துக்கொண்டால் கடைசி நாள் வாக்குவாதம் வராது. மெடிக்கல் சென்டர் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம், கடல் பயணத்துக்கும் செல்லும் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

போன்: கரை மறைந்ததும் போன் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அது செயற்கைக்கோள் வழி, சாதாரண ரோமிங் பேக் அதில் செல்லாது, பில் தீட்டிவிடும். புறப்பட்டதும் நாலு பேர் போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பேச வேண்டும் என்றால் கப்பல் வைஃபை வாங்கலாம். பெரியவர்கள் போனில் இதை நீங்களே செய்யுங்கள், தற்செயலாகக் கைபட்டு மாறிவிடும், அவ்வப்போது பாருங்கள்.

முலுண்ட்_மாலுமி
லட்சத்தீவு பற்றி யாரும் சொல்லாத ஒன்று. அங்கே பவளப்பாறை, தண்ணீர் ஆழமில்லை. பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தள்ளி நிறுத்திச் சின்னப் படகுகளில் இறக்கித்தான் கொண்டுபோவார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஆடும் படகுக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆட்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள், படகு மேலே எழும்பும் நொடியில் "இப்போ" என்பார்கள். அம்மா முழங்காலுக்கு அந்த ஒரு எட்டு கடினம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பல நேரம் அனுமதிப்பதே இல்லை. காற்று கூடினால் கேப்டன் படகுப் பயணத்தையே ரத்து செய்துவிடுவார், அதில் பணம் முழுதும் திரும்ப வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஆகவே அம்மா தீவில் இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் சந்தோஷமாக இருப்பாரா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்றால் நேரடியாகத் துறைமுகத்தில் கட்டும் கோவா, கொச்சி மாதிரிப் பயணத்தை எடுங்கள், அங்கே சாய்வுப் பாலத்தில் நடந்தே இறங்கலாம். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதியும் தேவை, அதை யார் எடுப்பது, என்ன ஆவணம் என்று ஏஜென்டிடம் கேளுங்கள்.

செம்பூர்வாசி
அண்ணா, இதைப் படித்துவிட்டு அம்மாவிடமே கேட்டேன். எனக்குத் தீவு வேண்டாம், நடந்து இறங்கும் ஊர் இருந்தால் போதும், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்கிறார். அப்பாவுக்குக் கொச்சி பார்க்க ஆசை. அதனால் கொச்சி போகும் பயணத்துக்கு மாற்றுகிறோம், கீழ்த்தளம், நடுவில், ஓஷன் வியூ. ஷவர் நாற்காலிக்கு மின்னஞ்சல் போட்டாயிற்று. கடைசியாக ஒன்று, ஏறும் நாளில் செம்பூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

முலுண்ட்_மாலுமி
நல்ல முடிவு. பல்லார்ட் எஸ்டேட்டில் புதிய சர்வதேசக் கப்பல் முனையம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது, டிக்கெட்டில் எந்த வாசல் என்று போட்டிருக்கிறதோ அதை டாக்ஸிக்காரரிடம் காட்டுங்கள். சிஎஸ்எம்டி ரயில் ஸ்டேஷன் பக்கம்தான், ஆனால் பெட்டியோடும் முழங்கால் வலியோடும் லோக்கல் ரயில் வேண்டாம். உங்களுக்குக் கொடுத்திருக்கும் செக்கின் நேரத்துக்கு ஏற்றபடி, ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் நெரிசலுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் கூட வைத்துக் கிளம்புங்கள். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும், அதில் எல்லோரும் கலந்துகொண்டே ஆக வேண்டும். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்த வேண்டும் என்று உலகம் முழுக்க விதியாகிவிட்டது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அவசரநிலை. உங்கள் கூடும் இடம் எது என்று கேபின் கதவின் உட்பக்கம் எழுதியிருக்கும். அப்போது லிஃப்ட் ஓடாது என்பதால், அம்மாவைப் படியில் இறக்க உதவி வேண்டும் என்று பயிற்சியின்போதே ஊழியரிடம் சொல்லிப் பெயரைப் பதியுங்கள். அதற்கென்று ஆள் ஒதுக்குவார்கள்.

மாட்டுங்கா_மாமி
சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமி நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காது. வெள்ளை டேப் உங்களுக்கு வேண்டுமானால் என்னிடம் மீதி இருக்கிறது, மாட்டுங்கா பக்கம் வந்தால் தனிச்செய்தி போடுங்கள் தம்பி, வாங்கிக்கொள்ளலாம்.